உயிர் தப்பியாச்சு... மனசு தப்பியதா?

விபத்தில் சிக்கிய ஒருவரைப் பார்க்கப் போகிறோம். கையில் ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில். முதல் கேள்வி, "எங்கே அடி?" இரண்டாவது, "எத்தனை தையல்?" மூன்றாவது, "வண்டி என்ன ஆச்சு?" காலில் மாவுக்கட்டு இருந்தால் 'உச்' கொட்டுகிறோம். கட்டு ஒன்றும் இல்லையென்றால், "கடவுள் புண்ணியம், ஒரு சிராய்ப்புகூட இல்லாம தப்பிச்சிட்டீங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

அன்று ராத்திரி அவர் தூங்கினாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

அதியமான்கோட்டையில் வைத்தியம் பார்ப்பவனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. எங்கள் ஊரை ஒட்டித்தான் சேலம் நெடுஞ்சாலை போகிறது. கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதிக்கொள்வது அந்த இடத்தின் தலையெழுத்து போல ஆகிவிட்டது. 2020 டிசம்பரில் ஒரே லாரி வரிசையாக நின்ற வாகனங்கள் மேல் ஏறியதில் நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முன்னால், 2000 பிப்ரவரி 2-ம் தேதி, தர்மபுரி இலக்கியம்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

இறந்தவர் எத்தனை பேர் என்று செய்தியில் வருகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்து பிழைத்தவர்கள் அதற்கப்புறம் எத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள் என்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

கட்டுப் போட முடியாத காயம்

இப்படிப் பிழைத்தவர்கள் என்னிடம் வரும்போது, "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். "நெஞ்சுல வாயு அடைக்குது", "கை கால் நடுங்குது", "பசியே இல்லைங்க, சூரணம் ஏதாச்சும் குடுங்க" என்பார்கள். நாடி பார்த்துக்கொண்டே, "ராத்திரி தூக்கம் எப்படி?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு மெதுவாக வெளியே வரும்.

ஒரு லாரி டிரைவர் இப்படிச் சொன்னார்: "கண்ணை மூடினா அந்த ஹெட்லைட்தாங்க வருது. டயர் கிரீச்சுன்னு கத்துற சத்தம் காதுல கேட்டுட்டே இருக்கு. வீட்ல குக்கர் விசில் அடிச்சாக்கூட தூக்கிவாரிப் போடுது." அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. 'ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு வேலைக்குப் போகாம வீட்ல உட்கார்ந்திருக்கே?' என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் அவர் என்னிடம் வாயுவுக்கு மருந்து கேட்டு வந்திருந்தார்.

இந்த நிலையை நம் மக்கள் அறியாதவர்கள் அல்ல. 'பயந்த கோளாறு' என்று பெயர் வைத்து, வேப்பிலை அடித்து, மிளகாய் சுற்றிப் போட்டு வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதற்கு 'மனவடு' என்ற அழகான தமிழ்ச் சொல்லைப் பரப்பினார். உடம்பில் ஆறிய புண் வடுவாக நிற்பதுபோல மனசிலும் நிற்கும் என்பது பொருள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல்தான் இதைத் தனி நோயாகத் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக 'பி.டி.எஸ்.டி.' என்பார்கள்.

எது இயல்பு? எது நோய்?

பயப்படாதீர்கள். விபத்து நடந்த முதல் சில நாட்களில் தூக்கம் கெடுவது, காட்சி திரும்பத் திரும்ப வருவது, சின்ன சத்தத்துக்கும் அதிர்வது, திடீரென்று அழுகை வருவது... இதெல்லாம் நோய் அல்ல. பெரிய ஆபத்தைப் பார்த்த உடம்பு, 'இன்னும் ஆபத்து போகவில்லை' என்று காவல் காக்கிறது. அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு நாள் போகப் போக இது தானாகவே தணிந்துவிடும்.

ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், ஆளின் வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால்தான் அதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர். ஆக, விபத்துக்கும் நோய்க்கும் நடுவில் ஏறக்குறைய முப்பது நாள் இடைவெளி இருக்கிறது. இந்த முப்பது நாளில் ஏதாவது செய்து, நோய் வேர் பிடிக்காமல் தடுக்க முடியுமா? உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. உடம்புக்கு முதல் சில மணி நேரம் எவ்வளவு முக்கியமோ, மனசுக்கும் அப்படியே என்பதுதான் இப்போது வந்திருக்கும் ஆராய்ச்சிகள் சொல்லும் செய்தி.

ஈரமான சிமென்ட் தரை

வீட்டு வாசலில் புதிதாக சிமென்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் காய்வதற்குள் ஒரு நாய் குறுக்கே ஓடிவிடுகிறது. உடனே பார்த்துவிட்டால் கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்துத் தடத்தைச் சமன் செய்யலாம். மறுநாள் பார்த்தால்? அந்தக் கால் தடம் ஆயுசுக்கும் இருக்கும்.

ஞாபகமும் ஏறக்குறைய இப்படித்தான். நாம் பார்த்த காட்சி மூளையில் உடனே கெட்டிப்பட்டு விடுவதில்லை. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில், 'அமிக்டலா' என்னும் பயத்தின் காவல்காரன் உச்ச விழிப்பில் இருப்பதால், பயத்தோடு சேர்ந்த காட்சி ரொம்ப ஆழமாகப் பதிகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் 'போதும், ஆபத்து போயிடுச்சு' என்று அந்தக் காவல்காரனை அடக்க வேண்டிய பெரியவர். அவருடைய பிடி தளர்ந்தால் காவல்காரன் ராத்திரி பகலாகக் கத்திக்கொண்டே இருப்பான்.

ஆக, வழி இரண்டு. ஒன்று, தடம் ஈரமாக இருக்கும்போதே கரண்டி போடுவது. இன்னொன்று, அந்தப் பெரியவரின் பிடியைப் பயிற்சியால் பலப்படுத்துவது. இரண்டையுமே முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள்.

பிரிக் கேம் செய்த வேலை

தொண்ணூறுகளில் திருவிழாக் கடைகளில் கையடக்கமான 'பிரிக் கேம்' விற்றது ஞாபகம் இருக்கிறதா? மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி வரிசையில் அடுக்க வேண்டும். அதன் மூலம், 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்நோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டு.

இங்கிலாந்தில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரு யோசனை செய்தார்கள். கண் முன்னால் காட்சியை நிறுத்தி வைக்கும் மூளையின் பலகை ரொம்பச் சின்னது. ஒரே நேரத்தில் இரண்டு பெரிய படத்துக்கு அதில் இடம் கிடையாது. கட்டையைத் திருப்பி அடுக்கும் வேலை அந்தப் பலகையை நிரப்பிவிட்டால், விபத்துக் காட்சி கெட்டியாகப் பதிய இடம் குறையும் அல்லவா?

2009-ல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், கோரமான காட்சிகள் உள்ள படத்தைப் பார்த்தவர்களில் சிலரை அரை மணி நேரம் கழித்து டெட்ரிஸ் ஆட வைத்தார்கள். ஆடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் குறைவாகவே திரும்பி வந்தன. 2017-ல் வெளிவந்த அடுத்த ஆய்வு நிஜமான ஆஸ்பத்திரியில் நடந்தது. சாலை விபத்தில் சிக்கி, ஆக்ஸ்போர்டில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேர். விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள், பாதிப் பேரிடம் எந்தக் காட்சி மனசை அறுக்கிறது என்று சுருக்கமாக நினைவூட்டி, பிறகு இருபது நிமிடம்போல டெட்ரிஸ் ஆட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தக் காட்சிகள் திரும்பி வந்தது, மற்றவர்களைவிட சராசரியாக 62 சதவிகிதம் குறைவு!

ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவுக்கும் இடையே அவ்வளவு தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இது மந்திரக்கோல் அல்ல. பிறகு சுவீடனில் கொரோனா வார்டுகளில் வேலை செய்து மனம் நொந்த மருத்துவ ஊழியர்களிடமும் இதே முறையைச் சோதித்து, துரத்தும் காட்சிகள் குறைவதைக் கண்டார்கள்.

"அப்படின்னா அடிபட்டவன் கையில செல்போனைக் குடுத்துட்டா போதுமா டாக்டர்?" என்று கேட்பீர்கள். போதாது. வெறும் விளையாட்டு அல்ல அங்கே மருந்து. பயிற்சி பெற்றவர் காட்சியை லேசாகத் தொட்டு எழுப்பி, அதன் பிறகு விளையாட வைத்தார் என்பதுதான் முக்கியம். இன்னொன்று, தலையில் அடிபட்டவருக்கு முதலிரண்டு நாள் செல்போன் திரையே கூடாது. மூளைக்கு ஓய்வுதான் முதல் வைத்தியம்.

வீட்டிலிருந்தே மனப் பயிற்சி

இரண்டாவது வழியை இஸ்ரேல் நாட்டு டெல் அவிவில் முயன்றார்கள். விபத்து முதலான பேரதிர்ச்சிக்குப் பின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, அறிகுறிகள் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் மாதம் முடிவதற்குள் மூளையின் பல திறன்களை அளந்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு யோசனையிலிருந்து இன்னொன்றுக்கு மனசைச் சட்டென்று மாற்றிக்கொள்ளும் திறமை யாருக்கு அதிகம் இருந்ததோ, அவர்களுக்குப் பின்னாளில் நோய் அறிகுறிகள் குறைவாக இருந்தன.

சரி, அந்தத் திறமையைப் பயிற்சியால் கூட்ட முடியுமா? ஒரு குழுவினருக்கு இன்டர்நெட் வழியாக வீட்டிலிருந்தே முப்பது நாள் பயிற்சி கொடுத்தார்கள். கவனம், ஞாபகம், விதி மாறும்போது கூடவே மாறுவது, இப்படிச் சின்னச் சின்ன விளையாட்டுகள். இந்தக் கணம் நிறத்தைப் பார்த்து அமுக்கு, அடுத்த கணம் வடிவத்தைப் பார்த்து அமுக்கு என்கிற மாதிரி. பயிற்சி எடுத்தவர்களுக்கு மற்றவர்களைவிட அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன.

சின்ன அளவில் நடந்த ஆய்வுதான். இன்னும் பெரிய அளவில் சோதிக்க வேண்டும். ஆனாலும் எங்களைப் போன்ற கிராமப்புற வைத்தியர்களுக்கு இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்காரர் வாரம் ஒரு முறை பஸ் ஏறி மனநல ஆலோசனைக்கு வருவது நடக்கிற காரியமா? அதுவும், பஸ்ஸில் ஏறுவதற்கே பயப்படுகிற ஒருவர்! பயிற்சி அவர் வீட்டுத் திண்ணைக்கே வந்தால் நல்லதுதானே?

மனதைப் பயிற்சியால் பழக்கலாம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்திக் காட்டியது இந்தத் தமிழ் மண்ணில்தான். நாம் சதாவதானி ஆக வேண்டாம். ஒரே காட்சியில் சிக்கிக்கொண்ட மனசை இரண்டாவது விஷயத்துக்குத் திருப்பத் தெரிந்தால் போதும்.

சுனாமி முகாமில் ஆறு வகுப்புகள்

தமிழ்க் குழந்தைகளிடமே நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், இலங்கையின் வடகிழக்கில் முகாமில் இருந்த 31 குழந்தைகள். ஏற்கெனவே இருபது வருடப் போரில் அடிபட்ட குடும்பங்கள். பாதிக் குழந்தைகளுக்கு, தங்கள் வாழ்க்கைக் கதையை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்ல வைக்கும் சிகிச்சை. மீதிப் பேருக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டுமே ஆறே ஆறு அமர்வுகள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள்தான் நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்து, கதை சொன்னவர்களில் 81 சதவிகிதம், தியானம் செய்தவர்களில் 71 சதவிகிதம் குழந்தைகள் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள்.

சுனாமிக் கரையில் நடந்ததும் டெல் அவிவில் நடந்ததும் வேறு வேறு முறைகள். ஆனால் இரண்டிலும் ஒன்று பொது. சீக்கிரம் கை கொடுத்தார்கள், குறைந்த நாளில் முடித்தார்கள், 'போகப் போக சரியாயிடும்' என்று அறிகுறி உள்ளவரைக் கைவிடவில்லை.

கிளறவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம்

"கதை சொல்ல வைப்பது நல்லது என்றால், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லலாமே?" என்று நினைக்காதீர்கள். முகாமில் நடந்தது தேர்ந்த ஆலோசகரிடம், பல நாள், ஒழுங்காக நடந்த சிகிச்சை. நம் வீட்டில் நடப்பது வேறு. ஒவ்வொரு விருந்தாளிக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். "எப்படி நடந்துச்சு? ரத்தம் நிறைய போச்சா?" என்று பத்துப் பேர் கேட்டால் பத்து முறை அதே விபத்து. அடிபட்ட உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறையை ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே செய்தார்கள். அது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று பிற்பாடு தெரிந்தது. சொல்ல விரும்பினால் காது கொடுங்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அதே சமயம், அடக்கவும் கூடாது. சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று சொல்வோம். தும்மல், பசி, தாகம் போல அடக்கக்கூடாத இயற்கை உந்துதல்கள். அந்தப் பட்டியலில் தூக்கமும் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது! 'ஆம்பளை அழக்கூடாது' என்பது சித்தர் வாக்கு அல்ல, நாமாகச் சேர்த்துக்கொண்டது. வருகிற அழுகையை விடுங்கள். வருகிற தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

"உங்ககிட்ட இதுக்கு லேகியம் ஏதும் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். விபத்துக் காட்சியை அழிக்கும் லேகியமோ, சூரணமோ, மாத்திரையோ எந்த மருத்துவத்திலும் இல்லை. முதல் மாதத்தில் இதற்காகத் தூக்க மாத்திரை வகையறாவைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2013-ல் சொல்லியிருக்கிறது. தலையில் அடிபட்டவருக்குத் தூக்கம் வருவதற்கென்று வீட்டில் எதையும், ஜாதிக்காய்ப் பால் உட்பட, கொடுக்கவே கூடாது. மயக்கம் மருந்தாலா, மூளையில் ரத்தக் கசிவாலா என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

முதல் முப்பது நாள்: வீட்டார் செய்ய வேண்டியவை

1. முதலில் உடம்பைக் கவனியுங்கள். வாந்தி, குழப்பமான பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கை கால் இழுப்பு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. 108-ஐ அழையுங்கள்.

2. 'நீ இப்போ பத்திரமா இருக்கே' என்பதை வார்த்தையிலும் செயலிலும் காட்டுங்கள். முதல் சில ராத்திரிகள் பக்கத்தில் ஒருவர் படுங்கள்.

3. விபத்து வீடியோ, போட்டோ எதையும் அவருக்குக் காட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தால் அழியுங்கள். ஈரத் தடத்தில் மறுபடி மறுபடி மிதிப்பது போல அது.

4. கையும் கண்ணும் மூளையும் சேர்ந்து வேலை செய்யும் பொழுதுபோக்கு கொடுங்கள். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், பூத்தொடுப்பு, கோலம். இவற்றை யாரும் இந்த நோய்க்குச் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. தனியாகக் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பதைவிட, எதிரில் ஒருவர் உட்கார்ந்து காய் நகர்த்துவது எவ்வளவோ மேல்.

5. காட்சி வந்து அமுக்கும்போது, கண்ணால் பார்க்கும் ஐந்து பொருள், காதால் கேட்கும் மூன்று சத்தம் என்று எண்ணச் சொல்லுங்கள். மனசு 'அன்றைக்கு'லிருந்து 'இன்றைக்கு' வரும். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடச் சொல்லுங்கள்.

6. சாராயம் வேண்டவே வேண்டாம். 'ஒரு கட்டிங் போட்டா தூக்கம் வரும்' என்று ஆரம்பித்த எத்தனையோ குடும்பங்களில் விபத்தைவிடக் குடிதான் அதிகம் கெடுத்திருக்கிறது.

7. பயந்த வேலைக்கு ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். டிரைவர் என்றால் முதலில் நின்ற வண்டியில் உட்காரட்டும். பிறகு பக்கத்து சீட்டில், தெரிந்த சாலையில் கொஞ்ச தூரம். தூக்கம் சரியாகும்வரை ஸ்டியரிங் வேண்டாம்.

8. வேப்பிலை அடிப்பது, கோயிலுக்குப் போவது மனசுக்குத் தெம்பு தரும் என்றால் செய்யுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

எப்போது டாக்டர்?

ஒரு மாதம் ஆகியும் காட்சிகள் குறையவில்லை, அந்தச் சாலையை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது, யாரிடமும் ஒட்டவில்லை, எரிந்து எரிந்து விழுகிறார் என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இந்த நோய் முற்றியபின்னும் குணப்படுத்தக் கூடியதே. அதற்கென்று நிரூபிக்கப்பட்ட பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. 'செத்திருக்கலாம்' என்று ஒரு வார்த்தை வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனஸ்' உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நான் சொன்ன டிரைவரிடம் அன்று மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அவருடைய மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இவருக்கு அடிபட்டிருக்கும்மா. கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்" என்றேன். அந்த அம்மா அழுதுவிட்டார். "சோம்பேறித்தனம்னு நெனச்சுட்டேங்களே" என்றார். மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வீட்டில் திட்டுவது அன்றோடு நின்றது.

கம்ப்யூட்டர் பயிற்சியும் செல்போன் விளையாட்டும் நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எப்போது வருமோ, வரட்டும். அதுவரை, அடுத்த முறை ஆரஞ்சுப் பழத்தோடு யாரையாவது பார்க்கப் போகும்போது, "எத்தனை தையல்?" என்று கேட்டபிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்.

"ராத்திரி தூக்கம் வருதாங்க?"

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கொஞ்சம் உட்காருங்கள்.